அசையாத யாழ்

மழைக்காற்று வீசினால் யாழின் சுருதி கலையும். ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்த நரம்பு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். குடித்ததும் உப்பும். உப்பினால் அதன் முறுக்கு மாறும், முறுக்கு மாறினால் ஒலியும் மாறும். மோகனப்ரியா பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். அவள் வாசிக்கும் யாழ்க் குழுவைப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் இதை விளக்கிச் சொல்வது அவள்தான். அதனாலேயே, அந்தப் புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை வெளியே தூறல் விழுந்துகொண்டிருக்க, அவளுடைய யாழும் ஆத்மநாதன் சாருடைய யாழும் சுருதி இறங்கிக் கிடக்க, அருள்தாஸின் பேரியாழ் மட்டும் வைத்தது வைத்தபடி நின்றது அவளுக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். போன மழையிலும் அப்படித்தான், அதற்கு முந்தைய மழையிலும் அப்படித்தான்.

குடுமியான்மலையில் ஆத்மநாதன் கட்டிய வீட்டின் முன்கூடத்தில்தான் அவர்கள் கூடுவார்கள். அவர் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். மலைப்பாறையில் ஸ்வரங்களை நாலு நாலாகச் செதுக்கிவைத்திருக்கும் கல்வெட்டை, அந்தக் காலத்துக் கருவியில், அந்தக் காலத்து முறையிலேயே வாசித்துக் கேட்க வேண்டும் என்பது அவருடைய பித்து. பழைய வீணை என்பது இன்றைக்கு நாம் பார்க்கும் வீணை இல்லை, வில்லைப் போல வளைந்த யாழ்தான் அது என்பது அவர் கட்சி. கல்வெட்டில் வேகம் எழுதவில்லை, சுருதி எழுதவில்லை, எங்கே நிறுத்த வேண்டும் என்றும் எழுதவில்லை. எழுதாததை ஊகிக்கலாம், ஆனால் இன்றைய வசதி எதையும் உள்ளே விடக் கூடாது. இதுதான் குழுவின் சட்டம். வருகிறவர்கள் செல்போனை நடையில் இருக்கும் பித்தளை அண்டாவுக்குள் போட்டுவிட்டுத்தான் கூடத்துக்குள் வர வேண்டும். சுருதிப்பெட்டி கிடையாது. யாழில் திருகாணியும் கிடையாது.

திருகாணி இல்லாமல் சுருதி சேர்ப்பது ஒரு தனிக் கலை. யாழின் வளைந்த தண்டில் ஒவ்வொரு நரம்பையும் ஒரு வாரால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். அந்த வாருக்குத் திவவு என்று பெயர். திவவை மேலே தள்ளினால் நரம்பு இழுபடும், கீழே தள்ளினால் தளரும். நகம் அளவு தள்ளினாலே சுருதி தாண்டிக் குதித்துவிடும். எனவே எல்லாரும் ஒன்றைப் பார்த்துச் சேர்க்க வேண்டும் அல்லவா? அந்த ஒன்று அருள்தாஸின் பேரியாழ். ஆள் உயரம், பலாமரம், கனத்த குரல். அருள்தாஸ் மெதுவாக ஒரு நரம்பை மீட்டுவான். மோகனப்ரியாவும் சாரும் அதைக் கேட்டுத் தங்கள் திவவுகளை நகர்த்துவார்கள். பாடுகிற வனிதாவும் அதிலிருந்தே குரலை எடுப்பாள்.

"இன்னிக்கும் மேல போக மாட்டேங்குதுக்கா" என்றாள் வனிதா, தொண்டையைத் தடவிக்கொண்டு. மழை என்றால் அவளுக்கு உச்ச ஸ்வரம் எட்டாது. சுக்குத் தண்ணி குடிக்கச் சொல்வார் சார். குடித்தும் எட்டாது. நடுவில் நின்று பாடினாலும் சரி, சுவரோரம் உட்கார்ந்து பாடினாலும் சரி, மழைநாளில் அவள் முகம் சிவந்துவிடும்.

மோகனப்ரியா அதைக் காதில் வாங்கவில்லை. அவள் கண் அருள்தாஸின் கைமேல் இருந்தது.

அருள்தாஸ் பொன்னமராவதியில் சர்வேயர். வார நாளெல்லாம் வயல்வரப்பில் சங்கிலி பிடித்து அளப்பவன், பேச்சிலும் அளவுதான். அவனைப் பற்றி மோகனப்ரியாவின் மனசில் சின்னச் சின்ன விஷயங்களாகச் சேர்ந்துகொண்டே வந்திருந்தன. மற்ற யாழ்கள் சார் வீட்டிலேயே இருக்கும். அவன் மட்டும் அந்தப் பெரிய உருப்படியைத் தார்ப்பாயில் சுற்றி, ரெண்டு பஸ் மாறித் தூக்கிப் போவான். மழையானாலும் போவான். நரம்பு அறுந்தால் புதிதைக் கட்டிவிட்டு, நறுக்கின துண்டை ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். யாராவது நரம்பைத் தொடப் போனால் யாழைத் தன் பக்கம் சாய்த்துக்கொள்வான். மற்ற ரெண்டு யாழுக்கும் நரம்பு சார் கொடுப்பது. அவனுக்கு மட்டும் அவனே கொண்டுவருவது.

இத்தனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் விடை ஒன்றுதான். ஈரத்துக்கு அசையாத நரம்பு குடல் நரம்பு இல்லை. அது நைலான்.

யாரோ பிளாஸ்டிக் நரம்பு கட்டினால் கட்டிவிட்டுப் போகட்டும், இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். அடுத்த ஞாயிறு சென்னையிலிருந்து ஒரு அருங்காட்சியகத்துக்காரர்கள் வருகிறார்கள். குழுவின் வாசிப்பைப் படம் பிடித்து, பழைய கருவிகளுக்கான கூடத்தில் ஓடவிடப் போகிறார்கள். கேமரா முன்னால் ஒவ்வொரு கருவியும் எதனால் ஆனது என்று விளக்கப் போவது மோகனப்ரியா. மூன்று யாழிலும் ஆட்டுக்குடல் நரம்பு என்று அவள் வாயால், அவள் முகத்தோடு சொல்லியாக வேண்டும். அவளிடம் படித்த பிள்ளைகள் நாளைக்கு அந்தக் கூடத்தில் போய் நின்று அதைப் பார்ப்பார்கள். பொய்யை உண்மை என்று சொன்ன டீச்சராக அங்கே நிற்க அவளுக்கு மனசில்லை. அதே சமயம், தப்பாகப் பழி போட்டால் அருள்தாஸ் போய்விடுவான். அவன் போனால் பேரியாழ் போகும். பேரியாழ் போனால் குழுவே இல்லை.

ஒத்திகை முடிந்ததும் அவள் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"அருளு, மழயா இருக்கே. யாழ இங்கயே வெச்சிட்டுப் போயேன்."

அருள்தாஸ் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டே, நிமிராமல், "இல்ல டீச்சர். எடுத்துட்டுப் போயிர்றேன்" என்றான்.

"நனஞ்சா நரம்பு கெட்டுப்போகாதா?"

"அது பாட்டுக்கு இருக்கும்."

அவன் இதைச் சொல்லும்போது ஆத்மநாதன் சாரைப் பார்த்தான். சார் ஜன்னலைச் சாத்தப் போனார். அந்தப் பார்வையை மோகனப்ரியா கவனித்தாள். சாருக்கும் தெரியும் போலிருக்கிறது, அவனை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் மூடி மறைக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவளுக்கு ஒரு அதிர்ஷ்டம். அவன் கட்டிய புது நரம்பின் வால் ஒன்று பாய்க்கு அடியில் போய் ஒளிந்திருந்தது. அவன் போன பிறகு அதை எடுத்து ஒரு காகிதத்தில் மடித்தாள். தன் யாழின் முடிச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலிலிருந்தும் ரெண்டு துண்டு நறுக்கி இன்னொரு காகிதத்தில் மடித்தாள். எந்தச் சோதனையானாலும் தெரியாத பொருளுக்குப் பக்கத்தில் தெரிந்த பொருள் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள். தனக்கு மட்டும் அதை விடுவாளா?

திங்கட்கிழமை மதியம், பிள்ளைகள் சத்துணவுக்குப் போன நேரத்தில், பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் சாராய விளக்கை ஏற்றினாள். சோதனை எளியது. குடலும் தோலும் முடியும் ஒரே வகைப் பொருள். நெருப்பில் காட்டினால் சுருண்டு கருகும், முடி பொசுங்கும் வாடை வரும், விரலால் நசுக்கினால் கரியாக உதிரும். நைலான் கருகாது. உருகும். முனையில் சொட்டாகத் திரண்டு, ஆறினதும் மணி போல் இறுகிவிடும்.

முதலில் தன்னுடையதை எடுத்தாள். இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினாள்.

அது உருகியது. முனையில் பழுப்பாக ஒரு மணி திரண்டது.

காகிதம் மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். இது அருள்தாஸுடையதாக இருக்க வேண்டும். ஆனால் இந்தக் காகிதத்தில் ரெண்டு துண்டு, அந்தக் காகிதத்தில் ஒன்று, அவளே நறுக்கினது. ரெண்டாவது துண்டையும் காட்டினாள். மறுபடியும் மணி. பிறகு அருள்தாஸின் துண்டைக் காட்டினாள். அது புழுவாகச் சுருண்டு, கருத்து, ஆய்வுக்கூடம் முழுக்க முடி பொசுங்கும் நாற்றத்தைப் பரப்பியது. வெளியே வராந்தாவில் போன யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மோகனப்ரியா விளக்கை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அருள்தாஸின் நரம்பு நிஜமான குடல் என்றால் அது மழைக்கு அசைந்திருக்க வேண்டும். அசையவில்லையே. அவள் யாழ் நைலான் என்றால் அசைந்திருக்கக் கூடாது. அசைந்ததே. ரெண்டும் தலைகீழாக அல்லவா இருக்கிறது?

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து பஸ் கிளம்பினால், நம் பஸ்தான் பின்னால் நகர்கிறது என்று ஒரு கணம் தோன்றும். ஜன்னல் வழியாகக் கட்டடத்தைப் பார்த்தால்தான் எது நகர்ந்தது என்று தெரியும். அவர்களுக்கு அந்தக் கட்டடம் இல்லை. சுருதிப்பெட்டி இல்லை, போன் அண்டாவுக்குள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தது பேரியாழை மட்டும். எதை வைத்து மற்றதை அளக்கிறோமோ அது விலகினதாக ஒருநாளும் தெரியாது. மழை வந்தபோதெல்லாம் பேரியாழ் மேலே ஏறியிருக்கிறது. அவளும் சாரும் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார்கள். தாங்கள் இறங்கிவிட்டதாக நினைத்து, நைலானை இழுத்து இழுத்து அதன் உயரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அவளுடைய யாழும் சாருடைய யாழும் எப்போதும் ஒரே அளவுதான் இறங்கும், ஒன்றைவிட்டு ஒன்று விலகினதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குடலாக இருந்தால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு அல்லவா போயிருக்கும்? பாவம், வனிதா. சுருதி ஏறினது தெரியாமல் அவள் தொண்டைக்குச் சுக்குத் தண்ணியாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

சந்தேகம் போய்விடவில்லை. ஆள் மாறியது, அவ்வளவுதான். அவளுக்கு நரம்பு கொடுத்தது ஆத்மநாதன் சார். அவருக்கும் யாரோ கடைக்காரன் ஏமாற்றிக் கொடுத்தானா, இல்லை தெரிந்தே கொடுத்தாரா?

சனிக்கிழமை பகலில் குடுமியான்மலைக்குப் போனாள். சார் அன்னவாசல் வரைக்கும் போயிருந்தார், நாளைக்குப் படம் பிடிக்க எடுத்திருந்த கல்யாண மண்டபத்தைப் பார்த்துவர. புரட்டாசியில் முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் சும்மா கிடந்தது. அவர் மனைவி பிரகதாம்பாள் காபி கலந்து கொடுத்தார். வெங்காயம்கூட விரத நாளில் சேர்க்காத வீடு அது. கூடத்துக்கு அடுத்த அறைதான் பூஜை அறை.

மோகனப்ரியா சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தாள். அருள்தாஸ் யாழைத் தூக்கிக்கொண்டு அலைகிறானே, இங்கேயே வைத்துவிட்டுப் போகலாமே என்றாள்.

"நானும் அதத்தான் கேக்குறேன்" என்றார் பிரகதாம்பாள். "அந்தத் தம்பி யாருக்கும் ஒரு தொந்தரவு குடுக்காத புள்ள. எடமா இல்ல இங்கிட்டு? சார்ட்ட கேட்டா, அவனுக்கு அதுதான் சவுரியம்ங்குறாரு."

"ஒங்களுக்கு ஆட்சேபண இல்லீங்களாம்மா?"

"எனக்கு என்ன? மொதல்ல இவரு ஆட்டுக் கொடல்ல கட்டிக் கொண்டாந்து வெச்சாரு. மழைக்கு அது வீசுன வீச்சம் இருக்கே, சாமிக்கு வெளக்கு ஏத்த முடியல. அது இருந்தா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்னுட்டேன். அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் நைலான்தானே. நைலானுக்கு என்ன தோஷம்?"

அவர் இதை ஒளித்துச் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்த சேதி போலச் சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆத்மநாதன் வந்தபோது மோகனப்ரியா கருகின துண்டையும் உருகின மணியையும் பாயின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். அவர் குனிந்து பார்த்தார். இது என்னவென்று கேட்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு சொன்னார். பேட்மிண்டன் மட்டைக்குப் போடுகிற நைலானை வாங்கி, டீத் தண்ணியில் ஊறப்போட்டுப் பழுப்பேற்றி, பளபளப்பு போக உப்புத்தாளால் தேய்த்தாராம். கொஞ்ச நாளைக்கு என்றுதான் ஆரம்பித்தாராம். அதற்குள் மோகனப்ரியா சேர்ந்தாள், குடல் நரம்பு என்று நம்பி வாசித்தாள், வருகிறவர்களுக்கு விளக்கவும் ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் எப்படிச் சொல்வது? அருள்தாஸ் மட்டும் தானே நரம்பு திரித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். அவன் அம்மா சந்தனமேரி கறிக்கடையில் குடல் வாங்கிக் கழுவிச் சுரண்டிக் கொடுப்பாராம்.

"அவரு யாழ்தான் நெசம்னு எனக்குத் தெரியும்மா. அதான் எல்லாரும் அதுக்குச் சேக்கணும்னு வெச்சேன்" என்றார்.

"அருளுகிட்ட என்ன சொன்னீங்க சார்?"

"யாழ இங்க வெக்க வேணாம், துண்டு துணுக்கு எதுவும் கீழ விழ வேணாம்னேன்."

"ஏன்னு சொன்னீங்களா?"

ஆத்மநாதன் இல்லையென்று தலையசைத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவருடைய பயம் வேறு திசையில் இருந்தது. நாளைக்கு இதைச் சொன்னால் படமும் இல்லை, கூடமும் இல்லை, இத்தனை நாள் கல்வெட்டோடு மல்லுக்கட்டினதும் கேலியாகிவிடும் என்றார். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு எல்லாம் ஒரே நிறம்தான், நரம்பைப் பற்றி ஒன்றும் பேசாமல் மரத்தைப் பற்றி மட்டும் பேசிவிடு என்றார். "நீ சொல்லலேன்னா யாருக்கும் தெரியப்போறதில்ல."

"எனக்குத் தெரியுமே சார்" என்றாள் அவள்.

மறுநாள் காலையிலேயே நல்ல மழை. மண்டபத்து மேடையில் சென்னையிலிருந்து வந்த இனியா என்கிற பெண் கேமராவையும் மைக்கையும் பொருத்திக்கொண்டிருந்தாள். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் அருள்தாஸ் தார்ப்பாயை உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தான். மோகனப்ரியா அவன் பக்கத்தில் போய் நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பாய்க்கு அடியில் எடுத்த துண்டு, விளக்கு, மணி, பிரகதாம்பாள் சொன்னது. முதலில் தன் சந்தேகம் யார்மேல் இருந்தது என்பதையும் சொன்னாள்.

அவன் நைலானைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"கொடல் நாத்தம்தானா?" என்றான்.

"ஆமா. அந்தம்மாவுக்கு ஒன்னோடது கொடல்னே தெரியாது. தெரிஞ்சவரு சார் மட்டுந்தான்."

அருள்தாஸ் தார்ப்பாயின் மூலையை நாற்காலியில் மாட்டினான். காற்றுக்கு அது நழுவியது. திரும்ப மாட்டினான்.

"நான் வேற நெனச்சுக்கிட்டிருந்தேன் டீச்சர். மூணு யாழும் கொடல்தான்னு நெனச்சேன். அதுல ரெண்டு அந்த வீட்டுல இருக்கலாம், என்னோடது மட்டும் இருக்கக் கூடாதுன்னா, அது யாழுக்காகச் சொன்னதா இருக்க முடியாதுல்ல?" என்றான். பிறகு சிரித்தான். "எங்கம்மா கேக்கும், ஏன்டா வாராவாரம் பொணம் மாதிரி இதச் சொமந்துட்டு வர்றேன்னு. பஸ்ல கூட்டம் இல்லம்மான்னுருவேன்."

அவனைப் பற்றி மோகனப்ரியா சேர்த்து வைத்திருந்த அத்தனை விஷயங்களும் அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் இப்படி இருந்திருக்கின்றன.

மேலே எல்லாரும் உட்கார்ந்தார்கள். இனியா சட்டென்று போனை நீட்டி, சுருதி பார்க்க வேண்டுமா, இதில் ஆப் இருக்கிறது என்றாள். வேறு நாளாக இருந்தால் சார் உறுமியிருப்பார். இன்றைக்கு அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோகனப்ரியா போனை வாங்கிப் பேரியாழின் பக்கத்தில் பிடித்தாள். அருள்தாஸ் மீட்டினான். போன ஞாயிறு சுக்குத் தண்ணி குடித்த வனிதா, திரையில் ஏறி நின்ற முள்ளைப் பார்த்துவிட்டு, "இம்புட்டு ஒசரத்துலயா என்னையப் பாடச் சொன்னீங்க?" என்றாள். யாராலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. மோகனப்ரியா தன் யாழை மடியில் வைத்துக்கொண்டாள். பத்தர் என்கிற அடிக்குடம் எந்த மரம், மேலே போர்த்தியது என்ன தோல், திவவை எப்படி நகர்த்துவது என்று வகுப்பில் சொல்வது போலச் சொன்னாள். நரம்புக்கு வந்தபோது சாரைப் பார்த்தாள். சார் தலை நிமிரவில்லை.

"இந்த மூணு யாழ்ல, பேரியாழ்ல மட்டும்தான் ஆட்டுக்குடல் நரம்பு" என்றாள். "என்னோடதும் சாரோடதும் நைலான். நேத்து வரைக்கும் நாங்க குடல்னு சொல்லிக்கிட்டிருந்தோம். அது சரியில்ல. ஈரத்துக்குக் குடல் நரம்பு எப்படி அசையும்னு இப்பக் காட்டுறேன்."

இனியா கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். இதை அப்படியே வைத்துக்கொள்ளட்டுமா, மேலிடத்தில் கேட்க வேண்டியிருக்கும் என்றாள். கேளுங்கள், ஆனால் வெட்டிவிட்டு ஒட்டக் கூடாது, போட்டால் முழுசாகப் போடுங்கள் என்றாள் மோகனப்ரியா. இனியா யோசித்துவிட்டு விளக்கை அணைக்காமல் விட்டாள்.

அடுத்து பாட்டு. வனிதா ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். மழை விடட்டும், இது இறங்கட்டும், அப்புறம் பாடுறேன் என்றாள். எப்போது இறங்கும் என்று இனியா கேட்டாள். அது எங்களுக்குத் தெரியாது, நரம்புக்குத்தான் தெரியும் என்றான் அருள்தாஸ்.

எனவே காத்திருந்தார்கள். மதியத்துக்கு மேல் மழை ஓய்ந்து, மண்டபத்து ஜன்னல் வழியே வெயில் விழ ஆரம்பித்தது. அருள்தாஸ் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பேரியாழை மீட்டுவான். முன்னைவிட மயிரிழை இறங்கியிருக்கும். மோகனப்ரியா தன் திவவை அதற்கேற்பத் தளர்த்துவாள்.

ஆத்மநாதன் வெகுநேரம் தன் யாழைத் தொடவில்லை. பிறகு அருள்தாஸின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "இன்னொரு தடவ மீட்டுங்க தம்பி" என்றார். அருள்தாஸ் அவரைப் பார்த்தான். உடனே மீட்டவில்லை. பேரியாழை அவர் பக்கம் கொஞ்சம் சாய்த்து, "நீங்களே மீட்டுங்க சார்" என்றான்.

அவர் விரல் நுனியால் அந்த நரம்பைத் தொட்டார், மீட்டினார், காதைச் சாய்த்தார். பிறகு குனிந்து தன் திவவைக் கீழே தள்ளினார். சேர்ந்துவிட்டது என்று நிமிர்ந்தால், வெயில் ஏறியிருக்கும், பேரியாழ் இன்னும் இறங்கியிருக்கும். மறுபடியும் குனிவார்.